குடிபூரல் வீடியோவில் வயிறு தள்ளிய தூண்கள்: உப்புவெளி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலை உப்புவெளியில் புதிதாகக் கட்டிய வீடொன்றின் குடிபூரல் வீடியோ, சரிப்படுத்தித் தரும்படி என்னிடம் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்டப் பதிவு. தொழிலாக வீடியோ எடுப்பவர் யாரையும் பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த மகன், அக்‌ஷன் கமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டும் இடையிடையே முக்காலியில் நிறுத்தியும் ஒரு பகுதியை எடுத்திருந்தார். மீதியை மருமகனின் தம்பி தன் போனில் 0.5 என்ற அகலக்கோண லென்ஸைத் தட்டிவிட்டு எடுத்திருந்தார். வீட்டில் மூத்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர். முறைப்பாட்டை அவர் இரண்டே வசனத்தில் முடித்துவிட்டார்: "தம்பி, விறாந்தைத் தூணெல்லாம் வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது. கரையில நிக்கிற என்ர தங்கச்சி ரெண்டு ஆளின்ர அகலத்துக்கு இருக்கிறா."

கேட்பவருக்கு இது ஒரே கோளாறின் இரண்டு அறிகுறி போலத் தோன்றும். "அகலக்கோண லென்ஸ் வளைக்கும், ஒரு பொத்தானை அமுக்கினால் நேராகிவிடும்" என்று அந்த மகனும் போனில் சொன்னார். ஆனால் இந்த இரண்டு முறைப்பாடும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தூணை முழுக்க நேராக்கினால் தங்கச்சி இன்னும் அகலிப்பார். தங்கச்சியைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தால் ஏதோ ஒரு கோடு வளைந்தே தீரும். அகன்ற உலகத்தைத் தட்டையான சதுரத்துக்குள் அடைக்கிற வேலையில் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் நான் முதலில் பார்த்தது ஒன்றைத்தான்: படச்சட்டத்தின் கரையில் நிற்பது தூணா, ஆளா?

வீட்டு விசேஷம் இந்தக் கோளாறு முழுவீச்சில் தெரிகிற இடம். கடற்கரையில் எடுத்தால் வளைவதற்குத் தொடுவானத்தைத் தவிர வேறு கோடு கிடையாது. புது வீட்டில் கதவு நிலை, யன்னல் கிறில், விறாந்தைத் தூண், பீம், தரையில் 2 அடி டைல் என்று எல்லாமே நேர்கோடு. அதற்கு மேல், சின்ன ஹோலுக்குள் ஓமகுண்டம், ஐயர், நிறைகுடம், குத்துவிளக்கு, சொந்தபந்தம் எல்லாரையும் அடக்க வேண்டும். பின்னால் போனால் சுவர் முதுகில் இடிக்கும். எடுத்தவர்கள் அகலக்கோணத்துக்குப் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வளைவும் சாய்வும்

முதலில் கோளாறுகளைப் பிரித்தெடுத்தேன். இதைச் செய்யாமல் லென்ஸ் திருத்தத்தைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்க இழுக்கலாம்.

நேராக இருக்க வேண்டிய கோடு வில் போல வளைந்தால் அது லென்ஸின் வேலை. கோடு நேராகவே இருந்து சாய்ந்தால் லென்ஸைக் குற்றம் சொல்லக் கூடாது. கமராவை மேல்நோக்கிச் சரித்துப் பிடித்தால் தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அது தூரக்காட்சியின் இயல்பு. கமராவைச் சட்டென்று திருப்பும்போது மட்டும் எல்லாத் தூணும் ஒரே பக்கம் சாய்ந்து, நின்றதும் நிமிர்ந்தால், சென்சர் படத்தை வரிவரியாக வாசிப்பதால் வந்த சாய்வு அது. பால் பொங்கியதும் குசினிக்குள்ளிருந்து ஹோலுக்குத் திரும்புகிற காட்சியில் நிலை சாய்வது இந்த வகை. லென்ஸ் திருத்தம் இதைத் தொடவே தொடாது.

நெஞ்சில் கட்டிய கமராவுக்குக் கிட்ட வந்து குனிந்து பேசுகிறவர்களின் மூக்கு பெரிதாகத் தெரிவதும் வேறு கதை. ஓரடி தூரத்தில் மூக்கு காதைவிட நிரம்பவே கிட்ட இருக்கிறது. எந்த லென்ஸைப் போட்டாலும் அந்தத் தூரத்தில் அப்படித்தான் தெரியும். பிறகு சரிசெய்ய வழியில்லை. அந்த இடங்களை வெட்டிச் சுருக்கினேன்.

மிஞ்சியது இரண்டு: அக்‌ஷன் கமராவின் வளைவு, கரையில் நிற்பவர்களின் அகலம்.

பீப்பா வளைவு என்பது இதுதான்: படத்தின் நடுவிலிருந்து வெளியே போகப்போக உருப்பெருக்கம் குறைந்துகொண்டே போகிறது. நடுவில் ஒரு அடி 100 பிக்சல் என்றால் கரையில் அது 80 ஆகிவிடும். சதுரத்தின் மூலைகள் நடுவிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பதால் ஆகக் கூடுதலாக உள்ளே இழுபடுகின்றன, பக்கங்கள் வெளியே புடைக்கின்றன. சட்டத்தின் நடுவைத் தொட்டுப்போகிற கோடு மட்டும் வளையாது. ரீச்சர் சொன்ன வயிறு தள்ளல் சரியாக இதுதான். இடப்பக்கத் தூண் இடப்பக்கமாகவும் வலப்பக்கத் தூண் வலப்பக்கமாகவும் புடைத்திருந்தன. நடுத்தூண் நேராக நின்றது.

இதை எழுதுகிற கணக்கு பழையது. ஒவ்வொரு புள்ளியும் நடுவிலிருந்து எவ்வளவு தூரமோ அந்தத் தூரத்தின் வர்க்கம், நாலாம் அடுக்கு ஆகியவற்றோடு கே1, கே2 என்ற எண்களைப் பெருக்கி, புள்ளியை உள்ளேயோ வெளியேயோ தள்ளுகிறது. 1919இல் கொன்ரடியும் 1966இல் டுவேன் பிரவுனும் எழுதியவற்றிலிருந்து வந்ததால் இருவர் பெயரையும் சேர்த்துத்தான் இந்த மாதிரியைச் சொல்கிறார்கள். 1971இல் பிரவுன் இன்னொரு கட்டுரையில், குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல்களைப் படமெடுத்து, படத்தில் அவை எவ்வளவு வளைகின்றன என்பதிலிருந்தே லென்ஸின் எண்களைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். விறாந்தைத் தூணை நிறுத்தும்போது மேசன் பாஸ் பிடித்த அதே தூக்குக்குண்டுதான். உலகத்தில் நேராக இருப்பது உறுதியான ஒரு கோடு கையில் இருந்தால் போதும்.

வழக்கமான முறை, சதுரங்கப் பலகை போன்ற கட்டத்தை அதே கமராவால் பல கோணத்தில் எடுத்து, ஓபன்சிவி போன்ற மென்பொருள் நூலகத்திடம் கொடுப்பது. இங்கே கமரா மகனோடு வெளிநாடு போய்விட்டது. எந்த மோடில் எடுத்தோம் என்று அவருக்கும் நினைவில்லை. பதிவுக்குள்ளேயே நேர்கோடு தேட வேண்டியதாயிற்று.

கோணேசர் கோவில் தொடுவானம்

குடிபூரல் அன்று பின்னேரம் எல்லாரும் கோணேசர் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைக் கடந்து, சுவாமி மலையில் ஏறி, கிழக்கே கடலைப் பார்த்து எடுத்த ஒரு துண்டு அதே கமராவில் இருந்தது. வீட்டாருக்கு அது சும்மா காட்சி. எனக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைத்திருக்காது. சுவாமி மலையின் உயரத்திலிருந்து பார்த்தால் கடலின் தொடுவானம் கண்ணுக்கு நேர்கோடுதான். பூமியின் வளைவு அந்த உயரத்தில் தெரியாது. அதில் வளைவு தெரிந்தால் முழுக்க லென்ஸின் கணக்கில் போட்டுவிடலாம்.

அந்தத் துண்டில் கமரா கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. தொடுவானம் சட்டத்தின் நடுவுக்கு மேலே போகும்போது இரு நுனியும் கீழே இறங்கி மலைமுகடு போல நின்றது. நடுவுக்கு வந்ததும் நேரானது. நடுவுக்குக் கீழே போனதும் இரு நுனியும் மேலே ஏறின. பீப்பா வளைவு என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, அப்படியென்றால் ஒரு கேள்வி வருகிறது. வெறும் பீப்பா வளைவு உள்ள படத்தில் கரையில் நிற்கிறவர் மெலிந்துதான் தெரிய வேண்டும். மிக அகன்ற கோணத்தைப் பிடிக்கும் மீன்கண் வகை லென்ஸில், நடுவிலிருந்து 60 பாகை விலகி நிற்கும் ஒருவரின் தலை, அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்கு நீண்டு விழும். இங்கேயோ ரீச்சரின் தங்கச்சி, போன் படத்தில் மட்டுமல்லாமல் அக்‌ஷன் கமரா படத்திலும் அகன்று தெரிந்தார். கோடு பீப்பா போல வளைகிறது, ஆள் மட்டும் எதிர்ப்பக்கமாக நீள்கிறார். லென்ஸ் மட்டும் இருந்தால் இது நடக்காது.

விடை ஹோல் யன்னலில் கிடைத்தது. முக்காலியில் நின்ற கமராவை யாரோ மெல்லத் திருப்பியிருந்தார்கள். யன்னல் கிறிலின் இரண்டு கம்பிகள் சட்டத்தின் நடுவிலிருந்து வலக்கரை வரைக்கும் நகர்ந்து போயின. கமரா நின்ற இடத்தில் நின்று திரும்பும்போது, அந்த இரண்டு கம்பிக்கும் இடைப்பட்ட வெளி லென்ஸுக்கு எப்போதும் ஒரே கோணம்தான். மீன்கண் லென்ஸில் அது கிட்டத்தட்ட மாறாத பிக்சல் அளவில் இருக்க வேண்டும். பீப்பா வளைவு கடுமையானால் கரையில் சுருங்க வேண்டும். இதில் கரைக்குப் போகப்போக விரிந்துகொண்டே போனது. ஆனால் கம்பியின் நிலைக்குத்து உயரம் அந்த வீதத்தில் கூடவில்லை. கிடையாக மட்டும் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

இழுத்தது கமராவின் உள்ளே இருக்கும் மோட். சென்சர் 4:3 விகிதத்தில் எடுத்த படத்தை 16:9 சட்டத்துக்குள் நிரப்ப, நடுவை அதிகம் தொடாமல் இரு கரையையும் மட்டும் கிடையாக இழுத்துவிடுவது. அக்‌ஷன் கமரா செய்யும் கோப்ரோ நிறுவனம் 2013இல் சூப்பர்வியூ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இப்போது வேறு வேறு பெயரில் பல கமராக்களில் உண்டு. பனிச்சறுக்கும் சைக்கிளும் எடுக்கிறவர்களுக்கு நல்லது: கரையில் மரங்கள் விர்ரென்று போகும், வேகம் கூடித் தெரியும். குடிபூரலில் கரையில் நிற்பது சின்னம்மாமார்.

இதனால்தான் பொத்தான் வேலை செய்யவில்லை. கே1, கே2 எல்லாம் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடக்கிற வளைவுக்கு எழுதிய கணக்கு. கிடையாக மட்டும் இழுத்த படத்தில் தொடுவானத்துக்குப் பொருந்துகிற எண் தூணுக்குப் பொருந்தாது, தூணுக்குப் பொருந்துவது பீமுக்குப் பொருந்தாது. மகன் ஏற்கனவே ஒரு செயலியில் போட்டுப் பார்த்து அனுப்பிய மாதிரித் துண்டில், தூண்கள் நேராகி, டைல் கோடுகள் உள்பக்கமாக வளைந்து கிடந்தன.

திருத்திய ஒழுங்கு

கிடை இழுப்பை முதலில் அவிழ்க்க வேண்டும். கிறில் கம்பிகள் நகர்ந்த அந்தத் துண்டில், ஒவ்வொரு இடத்திலும் இடைவெளி எத்தனை பிக்சல் என்று அளந்து, அதிலிருந்து ஒரு வளைகோடு வரைந்தேன்: பழைய சட்டத்தின் இந்த நிரல் புதிய சட்டத்தில் எங்கே போக வேண்டும் என்கிற அட்டவணை. இழுப்பின் வடிவம் கையில் கிடைக்காவிட்டாலும் ஒரு நிபந்தனை உதவியது. அவிழ்த்த பிறகு படம் 4:3க்குத் திரும்ப வேண்டும், அதாவது 1920 பிக்சல் அகலம் 1440 ஆக வேண்டும். வீடியோவை மாற்றி எழுதும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ரீமேப் என்ற வடிகட்டி இருக்கிறது. எந்தப் புள்ளி எங்கிருந்து வர வேண்டும் என்று இரண்டு சாம்பல்நிறப் படங்களாகக் கொடுத்தால் வீடியோ முழுக்க அப்படியே மாற்றித் தரும். கமரா தன் அசைவைச் சேர்த்துப் பதிகிற வகையாக இருந்தால் இந்தப் பாட்டெல்லாம் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஜைரோஃப்ளோ என்ற மென்பொருளில் லென்ஸ் விவரத்தோடு சூப்பர்வியூ அவிழ்ப்பும் சேர்ந்தே வருகிறது. இந்தக் கோப்புகளில் அசைவுத் தரவு இல்லை.

அவிழ்த்ததும் படம் ஒழுங்கான பீப்பாவாக மாறியது. தொடுவானமும் தூணும் டைலும் இப்போது ஒரே எண்ணுக்குப் பணிந்தன.

1440க்கு 1080 சட்டத்தில் கணக்குப் போடுவது சுகம்: நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரம் சரியாக 900 பிக்சல். எஃப்எஃப்எம்பெக்கின் லென்ஸ் திருத்த வடிகட்டி அந்தப் பாதி மூலைவிட்டத்தைத்தான் 1 என்று எடுத்துக்கொள்கிறது. தொடுவானம் நடுவுக்கு ஏறத்தாழ 290 பிக்சல் மேலே நின்ற ஒரு பிரேமில், இரு நுனியும் 70 பிக்சலுக்குக் கிட்டக் கீழே இறங்கியிருந்தன. கே1ஐ −0.2க்குக் கொண்டுபோனதும் நேராகியது. கே2 பெரிதாகத் தேவைப்படவில்லை. கடலில் பொருத்திய அந்த எண்ணை வீட்டுக் காட்சியில் போட்டதும் விறாந்தைத் தூண்கள் எழுந்து நின்றன.

இப்போது விலையைப் பார்க்கலாம். −0.2 என்பது, புதுப்படத்தின் மூலைக்கு வருகிற புள்ளி பழைய படத்தில் 900இல் இல்லாமல் 720இல் இருந்து வருகிறது என்று பொருள். அதற்கு வெளியே இருந்ததெல்லாம் சட்டத்தை விட்டுப் போய்விடும். வலக்கரையின் நடுவில் 92 பிக்சல், இடக்கரையில் 92, மேலே கீழே 39 வீதம். பெரும்பாலான காட்சியில் போவது சுவரும் கூரையும்தான். ஆனால் ஓமகுண்டக் காட்சியில் இடக்கரை 92 பிக்சலுக்குள் நின்றவர் மாப்பிள்ளையின் தாயார். அவரை வெட்டி எறிந்துவிட்டுத் தூணை நேராக்கிக் கொடுத்தால் இந்த ஊரில் நான் தொழில் செய்ய முடியாது.

அதோடு விகிதம். 4:3 படத்தை 16:9 டிவிக்குக் கொடுக்க, ஒன்று இரு பக்கமும் கறுப்புக் கரை விட வேண்டும், அல்லது 1080 வரியில் 810ஐ மட்டும் எடுத்துப் பெருப்பிக்க வேண்டும். பெருப்பித்தால் படம் மழுங்கும். லென்ஸ் திருத்தமே கரையை இழுத்துத்தான் நேராக்குகிறது என்பதால் அங்கே ஏற்கனவே கூர்மை குறைவு. கறுப்புக் கரை என்றால் வீட்டார் "பழைய கசெட் மாதிரி இருக்கு" என்பார்கள்.

நான் பிடித்த வழி நடுவழி. ஆட்கள் நிறைந்த காட்சிகளில் கிடை இழுப்பைப் பாதிக்கு மேல் அவிழ்த்து, கே1ஐ −0.1 அளவில் நிறுத்தினேன். உற்றுப் பார்த்தால் தூணில் கொஞ்ச வளைவு இருக்கும். ஓடுகிற வீடியோவில் கண் அதைப் பிடிக்காது. ஆள் இல்லாமல் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற காட்சிகளுக்கு முழுத் திருத்தம், 810 வரி, கொஞ்சம் மழுங்கல். சுவரும் நிலையும் மழுங்கினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் நின்ற காட்சிக்கு மட்டும் படத்தைச் சுருக்கி, விளிம்புகளில் வந்த கறுப்பு இடங்களை அதே படத்தின் மங்கலான பிரதியால் மூடினேன். அழகான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆள் இருக்கிறார்.

நடுக்கத்தைக் குறைக்கிற வேலையை வளைவுத் திருத்தத்துக்குப் பிறகுதான் வைத்தேன். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. நடுக்கம் நீக்கும் மென்பொருள் படத்தைத் தட்டைத்தாள் என்று நினைத்து நகர்த்துகிறது. வளைந்த படத்தை நகர்த்தினால் கரைகள் கூழ் போலத் தளம்பும். எல்லா வடிகட்டியையும் ஒரே சங்கிலியில் கோத்து ஒரே தடவை எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு ஏற்றினேன், தர அளவு சிஆர்எஃப் 18இல். ஒவ்வொரு படிக்கும் ஒரு கோப்பு எழுதினால் ஒவ்வொரு தடவையும் தரம் கரையும்.

போனில் எடுத்த பகுதி

ரீச்சரின் தங்கச்சி உண்மையில் பெருத்தது இங்கேதான். விறாந்தையில் எல்லாரும் வரிசையாக நின்ற குடும்பக் காட்சி, போனின் 0.5 லென்ஸில். எடுத்தவர் இதையும் "லென்ஸ் வளைவு" என்றார். தூணைப் பாருங்கள் என்றேன். தூண் வைத்த மாதிரி நேராக நின்றது.

இப்போதைய போன்களில் பெரும்பாலானவை இந்த லென்ஸின் வளைவைத் தாங்களே நேராக்கிவிட்டுத்தான் பதிகின்றன. வளைவு ஏற்கனவே போய்விட்டது; மிஞ்சியிருப்பது நேராக்கியதற்குக் கொடுத்த விலை. நேர்கோடு நேர்கோடாகவே விழ வேண்டும் என்றால், நடுவிலிருந்து விலகுகிற ஒவ்வொரு பொருளும் வெளிப்பக்கமாக நீள வேண்டும். 45 பாகை விலகினால் தலையின் அகலம் உயரத்தைவிட 1.41 மடங்கு. 60 பாகையில் 2 மடங்கு. ரீச்சர் "ரெண்டு ஆளின்ர அகலம்" என்றது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் பெரிதாகக் கூட்டவில்லை.

எத்தனை பாகை என்று தெரிய வேண்டும். போன் பெட்டியில் எழுதியிருக்கும் கோணம் நிழற்படத்துக்கு. வீடியோவில் நடுக்கம் நீக்கக் கரையை வெட்டிக்கொள்வதால் அது குறைந்துவிடும். அதனால் வீட்டுக்கே போய் டேப் பிடித்தேன். எடுத்தவர் நின்ற இடம் டைலைப் பார்த்தால் தெரிகிறது: தூண் வரிசையிலிருந்து ஐந்து டைல், அதாவது 10 அடி. சட்டத்தின் இடக்கரையிலிருந்து வலக்கரை வரை தூண் வரிசையில் அகப்பட்டது 20 அடி. நடுவிலிருந்து ஒரு பக்கம் 10 அடி, தூரமும் 10 அடி. ஆக ஒரு பக்கம் 45 பாகை, முழுக்க 90.

90 பாகைப் படத்தை அதற்கான இடத்தில் இருந்து பார்த்தால் யாரும் குண்டாகத் தெரிய மாட்டார்கள். அந்த இடம் படத்தின் அகலத்தில் பாதித் தூரம். 43 அங்குல டிவி ஏறத்தாழ 95 சென்றிமீற்றர் அகலம். கண்ணை அதிலிருந்து 48 சென்றிமீற்றரில் வைத்து நடுவைப் பார்த்தபடி இருந்தால், கரையில் நிற்பவரைச் சரிவாகப் பார்ப்போம், நீட்சி சுருங்கிச் சரியான உருவம் வரும். ரீச்சர் வீட்டில் செற்றி இருப்பது எதிர்ச்சுவரோடு.

இந்தப் பகுதிக்கு வழக்கமான லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் நிலைமை மோசமாகும். நேராக இருப்பதை மேலும் இழுத்து, தூணை உள்பக்கமாக வளைத்து, கரை ஆட்களை இன்னும் பெருக்கும். வேண்டியது எதிர்த்திசை: நேராக்கியதைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. எல்லாத் திசையிலும் விட்டுக்கொடுத்தால் முகங்கள் சரியாகும், தூண் மறுபடி வயிறு தள்ளும். தூண் நேராகவும் முகம் சரியாகவும் இருந்து, கிடைக்கோடு மட்டும் வளைந்தால் போதும் என்றால் அதற்குப் பானினி என்று ஒரு வீழ்த்தல்முறை, அதாவது அகன்ற காட்சியைத் தட்டைப் படத்தில் விழுத்துகிற வழி, இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ரோமின் தேவாலய உட்புறங்களை வரைந்த ஓவியரின் பெயர். கணக்காக எழுதி 2010இல் வெளியிட்டவர்கள் தோமஸ் ஷார்ப்லெஸும் அவரோடு இருவரும். நிலைக்குத்துக் கோடுகள் நேராகவே இருக்கும், நடுவைத் தொட்டுப்போகும் கோடுகளும் நேராக இருக்கும், கண்மட்டத்தில் உள்ள முகங்கள் முழு அளவு பானினியில் நீளவே நீளாது. எஃப்எஃப்எம்பெக்கின் வி360 வடிகட்டியில் இதுவும் ஒரு தெரிவு.

வரிசையாக நிற்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது. ஆட்களின் தலைகள் எல்லாம் கண்மட்டத்தில், தூண்கள் எல்லாம் நிலைக்குத்து. குறுக்கே போவது பீமும் தரையும்தான். முழு அளவுக்குப் போனால் கரையில் பீம் 17 சதவீதம் கீழே இறங்குகிறது. புதுக் கொங்கிறீற்றுப் பீம் தொங்கியது போலத் தெரியும். பாதி அளவில் நிறுத்தினேன். 1.41 ஆக இருந்த நீட்சி 1.12க்கு வந்தது. பீமின் இறக்கம் 12 சதவீதம். சட்டத்தை நிரப்ப நடுவில் மேலும் கீழும் வெட்ட வேண்டிய அளவும் அதே 12 சதவீதம்தான். மேலே ஆகாயம், கீழே டைல். போன் 4கேயில் எடுத்திருந்ததால் வெட்டிய பிறகும் 1080க்குத் தாராளமாக இருந்தது.

போன் அசையாமல் நின்ற காட்சிகளுக்குத்தான் இது. எடுத்துக்கொண்டே நடந்த இடங்களில் பானினி போட்டால் பீம் ஒவ்வொரு அசைவுக்கும் வளைந்து நிமிர்கிறது. நின்ற படத்தில் மன்னிக்கிற வளைவைக் கண் அசைவில் மன்னிப்பதில்லை. அங்கே ஒன்றும் செய்யாமல் கரையை மட்டும் வெட்டி உள்ளே நெருங்கினேன்.

தொடாமல் விட்டது

பசுவும் கன்றும் வீட்டுக்குள் நுழைகிற காட்சி, வீட்டாருக்கு ஆகப் பிடித்தது, திருத்தப்படவில்லை. அந்த நேரம் அக்‌ஷன் கமராவில் நடுக்கம் நீக்குவதை யாரோ போட்டிருக்கிறார்கள். கமரா பெரிய படத்துக்குள் ஒரு சின்னச் சட்டத்தை ஒவ்வொரு பிரேமிலும் நகர்த்தி வெட்டித் தந்திருக்கிறது. அதனால் வளைவின் நடு சட்டத்தின் நடுவில் இல்லை. ஒரு பிரேமில் இடப்பக்கம், அடுத்ததில் மேல்ப்பக்கம். ஒரே நடுவை வைத்துத் திருத்தினால் நிலையும் சுவரும் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்குகின்றன. பிரேம் பிரேமாக நடுவைத் தேடலாம்தான். பசு மிரண்டு ஐயரின் தட்டைத் தட்டுகிற காட்சியில் நிலை வளைந்திருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

போட்டுக் காட்டிய அன்று ரீச்சர் தங்கச்சியைத்தான் முதலில் தேடினார். "இப்ப சரி, இவள் இவளாத்தான் இருக்கிறாள்" என்றார். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. பீமைக் கண்டுபிடித்தவர் மேசன் பாஸ். கோப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பீம் இறங்கின மாதிரி கிடக்கு, ஆக்கள் என்னைத்தானே சொல்லுவினம்" என்று கவலைப்பட்டார். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற பகுதியில் அதே பீம் நேராக இருப்பதைக் காட்டினேன். அந்தத் துண்டை மட்டும் தனியாகத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு போனார். புது வேலைக்கு ஆட்கள் கேட்டால் காட்டுவதற்காம்.

அடுத்த வருசம் அந்த வீட்டில் சாமத்தியவீடு வருகிறது. மகனுக்கு அனுப்பிய குறிப்பு இவ்வளவுதான். கமராவில் லீனியர் என்ற மோட் இருந்தால் அதைப் போடவும். கோப்ரோவில் அது 2016இல் வந்த ஹீரோ5 முதல் இருக்கிறது. லீனியர் கோட்டை நேராக்கித்தான் தரும், ஆகவே கரையில் ஆட்களை நிறுத்த வேண்டாம். 2.7கே அல்லது 4கேயில் எடுக்கவும். முக்காலியில் நிற்கும்போது நடுக்கம் நீக்குவதை அணைக்கவும். குடும்பப் படத்துக்குப் போனில் 0.5ஐ விட்டு 1 என்ற லென்ஸுக்கு வந்து, விறாந்தையை விட்டு முற்றத்தில் இறங்கி மாமரத்தடி வரைக்கும் பின்னால் போகவும். எடுக்கத் தொடங்கும் முன், அதே மோடில், யன்னல் கிறிலைச் சட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஒரு தடவை மெல்லத் திருப்பி எடுத்து வைக்கவும்.